நிகழாச் சரித்திரமும் நல்லூர் இராச்சியமும்

சரித்திரம் கற்பார் உள்ளத்தில் ஒரு வினா எழாதிருப்பதில்லை. "அன்று அது அவ்வாறு நிகழாதிருந்தால் பின்னர் யாது விளைந்திருக்கும்?" என்பதே அவ்வினா. கொக்குவிலிலிருந்து தென்கிழக்கு நோக்கி நடப்பார் அரை மணி நேரத்துள் நல்லூரை அடைவர். சங்கிலித்தோப்பு என்னும் பெயர் தாங்கிய நிலமும், யமுனா ஏரி என்னும் கேணியும் ஆங்கே ஓர் இராச்சியத்தின் தலைநகர் இருந்தமையை நினைப்பூட்டிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைக் காணும் இளைஞனுக்கு மேற்கூறிய வினா வினாவாக மட்டும் அமையாது, ஏக்கமாகவும் அமையும். ஏக்கம் ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாதல் நன்று. ஆராய்ச்சியின் இடத்தை அது கவர்ந்துகொள்ளுதல் நன்றன்று.

இக்காலத்தில் இவ்வினாவுக்கு விடைகாண ஒரு புதிய கருவி தோன்றியுள்ளது. அது கணினியில் ஆடப்படும் சரித்திர வியூக விளையாட்டு. ஆடுபவன் ஓர் அரசனின் இடத்தில் அமர்ந்து, வரி விதித்து, படை திரட்டி, உடன்படிக்கை செய்து, பல நூற்றாண்டுகளை நடத்திச் செல்கின்றான். அவ்விளையாட்டினுள் ஒரு நாட்டின் சரித்திரத்தை வேறு வழியிற் செலுத்தும் போர்த்தொடர் ஒன்றை வகுப்போன், அறிந்தோ அறியாமலோ, சரித்திராசிரியனின் தொழிலையே மேற்கொள்கின்றான். யாழ்ப்பாண இராச்சியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தொழில் எந்நெறியில் நடைபெறல் வேண்டும் என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

மாற்று வரலாற்றின் வரலாறு

நிகழாததை எண்ணிப் பார்த்தல் புதியதோர் வழக்கமன்று. உரோம சரித்திராசிரியனாகிய லிவி தன் பெருநூலின் ஒன்பதாம் பகுதியிலே, மகா அலெக்சாந்தர் கிழக்கே செல்லாது மேற்கே திரும்பி உரோமை எதிர்த்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என ஆராய்கின்றான். உரோமே வென்றிருக்கும் என்பது அவன் முடிபு. தன் நாட்டின்மேல் வைத்த பற்று அம்முடிபை எவ்வளவு எளிதாக்கிற்று என்பது வெளிப்படை. 1931ஆம் ஆண்டில் ஜே. சி. ஸ்குவயர் என்பார் இவ்வகைக் கட்டுரைகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார். அதன்கண் வின்ஸ்டன் சேர்ச்சில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் களத்தில் தளபதி லீ வென்றதாகக் கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார்.

இம்முயற்சியை எள்ளி நகைத்தோரும் உளர். 1961ஆம் ஆண்டில் சரித்திரத்தின் இயல்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஈ. எச். கார் என்னும் அறிஞர், இதனை வீட்டுக்கூடத்துப் பொழுதுபோக்கு எனத் தள்ளினார். 1997ஆம் ஆண்டில் நயால் பேர்குசன் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். அக்காலத்து மக்கள் தாமே எண்ணிப் பார்த்தமைக்குச் சான்றுள்ள மாற்று வழிகளை மட்டுமே ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்வெல்லைக்குட்பட்ட மாற்று வரலாறு கற்பனைக் கதையினின்றும் வேறாகின்றது. கதாசிரியன் வேண்டியதை வரவழைப்பான்; ஆராய்வோன் இருந்தவற்றுள்ளேயே தெரிவு செய்வான்.

விளையாட்டின் வழியும் பழையதே. சதுரங்கம் இந்திய நாட்டிற் பிறந்து உலகெங்கும் பரந்தது. பிரசிய நாட்டைச் சேர்ந்த வொன் றைஸ்விற்ஸ் என்பவர் 1812ஆம் ஆண்டளவில் போர்ப் பயிற்சிக்குரிய ஒரு விளையாட்டை அமைத்தார். அவர் மைந்தர் 1824ஆம் ஆண்டில் அதனைத் திருத்தி, தேசப்படத்தின்மேல் ஆடத்தக்கதாக்கினார். படைத்தலைவர்கள் தம் கட்டளைகளை எழுதிக் கொடுப்பர். நடுவர் ஒருவர் பகடை உருட்டி விளைவைக் கூறுவர். 1991ஆம் ஆண்டில் 'சிவிலைசேஷன்' என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தபின் அத்தொழில் பொதுமக்கள் கைக்கும் எட்டுவதாயிற்று. 2022ஆம் ஆண்டில் 'ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்' என்னும் விளையாட்டின் இரண்டாம் வரிசையில் இராசேந்திர சோழனின் போர்த்தொடர் ஒன்று சேர்க்கப்பட்டது. தமிழர் சரித்திரமும் இவ்வரங்கில் ஏறிவிட்டது என்பதற்கு இது சான்று.

விளையாட்டின் உள்ளமைப்பு

இவ்வகை விளையாட்டுக்களுட் பெரும் புகழ் வாய்ந்தது, சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட 'யூரோப்பா யூனிவேர்சலிஸ்' நான்காம் வரிசை. அதன் காலக்கணக்கு 1444ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாளிலே தொடங்கி, நாள்தோறும் நகர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை செல்வது. நிலவுலகம் சிறு சிறு மாகாணங்களாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வருவாய், படைவளம், சமயம், வாணிகம் என்பன எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதன் பல பகுதிகள் எளிய எழுத்துக் கோவைகளாக அமைந்திருத்தலின், ஆடுவோர் தாமே அவற்றை மாற்றிப் புதிய போர்த்தொடர்களை வகுத்துக்கொள்ளலாம்.

அவ்வாறு வகுத்தலில் நான்கு உறுப்புக்கள் உள. முதலாவது நிகழ்ச்சி, இரண்டாவது அந்நிகழ்ச்சி தோன்றுதற்குரிய நிபந்தனை, மூன்றாவது அரசன் முன் வைக்கப்படும் தெரிவுகள், நான்காவது ஒவ்வொரு தெரிவுக்கும் உரிய விளைவு. இந்நான்கையும் எழுதுங்கால் வகுப்போன் காரணகாரியத் தொடர்பைத் தெளிவாக உரைத்தே தீரல் வேண்டும். கட்டுரையில் மழுப்பிச் செல்லத்தக்க இடங்களை இங்கே மழுப்புதல் இயலாது. ஒரு படை தோற்றதென்றால் ஏன் தோற்றது, எத்துணைப் பொருள் குறைவாயிருந்தது, யார் உதவவில்லை என்பவற்றையெல்லாம் கணினிக்குச் சொல்லல் வேண்டும். இதுவே இம்முயற்சியாற் பெறப்படும் முதற் பயன்.

இனி, யாழ்ப்பாண இராச்சியத்தின் சரித்திரத்தில் எவ்விடத்தே வழி பிரிந்தது என்பதை ஆராய வேண்டும். மூன்று காலங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கன: 1450ஆம் ஆண்டு, 1619ஆம் ஆண்டு, 1560ஆம் ஆண்டு.

முதலாங் காலம்: 1450

மேற்கூறிய விளையாட்டின் கணக்குத் தொடங்கும் 1444ஆம் ஆண்டில் நல்லூரிலே கனகசூரிய சிங்கையாரியன் அரசு புரிந்தான். தெற்கே கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகு ஆண்டுகொண்டிருந்தான். 1450ஆம் ஆண்டளவில் அவன் வளர்ப்பு மைந்தனாகிய செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். கனகசூரியன் கடல் கடந்து சென்றான். 1467ஆம் ஆண்டிற் பராக்கிரமபாகு இறக்க, செண்பகப்பெருமாள் கோட்டை அரசுரிமையை நாடித் தெற்கே மீண்டான்; கனகசூரியன் திரும்பி வந்து தன் நாட்டைப் பெற்றான்.

இத்தோல்வியை மாற்றி அமைத்தால் யாது பயன்? பதினேழு ஆண்டுக் காலத்து அயலாட்சி நீங்கும். ஆயின் அவ்வாட்சி நிகழ்ந்தவாறே தானாக நீங்கியது. அஃது இராச்சியத்தின் உயிர்நிலையைத் தாக்கவில்லை. ஆகவே இஃது ஆட்டத்தின் தொடக்கத்திற்கு ஏற்றதாயினும் வழிபிரியும் இடமாகாது.

இரண்டாங் காலம்: 1619

பெரும்பாலோர் உள்ளம் நாடுவது 1619ஆம் ஆண்டையே. எதிர்மன்னசிங்கன் 1617ஆம் ஆண்டில் இறந்தபோது அவன் மைந்தன் சிறு குழந்தை. இளவரசர் பலரையும், குழந்தைக்காக ஆட்சி நடத்திய அரசகேசரியையும் கொன்று சங்கிலி குமாரன் அதிகாரத்தைக் கைப்பற்றினான். போர்த்துக்கேயர் அவனை ஒருவாறு ஏற்றனர். அடுத்த ஆண்டில் நாட்டினுள்ளே கலகம் மூண்டது. தஞ்சாவூர் நாயக்கனின் படையுதவியால் அவன் அதனை அடக்கினான். 1619ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பிலிப் த ஒலிவேரா தலைமையில் வந்த போர்த்துக்கேயப் படை நல்லூர் அரசை முறியடித்தது. கடல்வழியே தப்பிச் செல்ல முயன்ற சங்கிலி பிடிபட்டுக் கோவைக்கு அனுப்பப்பட்டு அங்கே கொலைத்தண்டனை பெற்றான். 1621ஆம் ஆண்டில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது.

வகுப்போன் ஒருவன் இப்போரின் முடிவை மட்டும் மாற்றிவிட்டு, "யாழ்ப்பாணம் பிழைத்தது" என எழுதிவிடலாம். அது நிற்குமா என்பதே வினா. அவ்வாண்டிற் சங்கிலி குமாரன் தட்டத்தக்க கதவுகள் யாவை என ஒவ்வொன்றாகக் காண்க.

வடக்கே விசயநகரப் பேரரசு, 1614ஆம் ஆண்டில் இரண்டாம் வேங்கடபதி இறந்தபின் எழுந்த அரசுரிமைப் போராற் பிளவுண்டு கிடந்தது. தஞ்சாவூர் இரகுநாத நாயக்கன் அப்போரின் நடுவிலே நின்றவன். அவன் அனுப்பத்தக்கது ஒரு சிறு படையே. தெற்கே கண்டியரசன் செனரதன் 1617ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயருடன் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டான். ஒல்லாந்தர் 1610ஆம் ஆண்டு முதற் பழவேற்காட்டில் இருந்தனர். ஆயினும் ஐரோப்பாவில் அவர்கட்கும் இசுப்பானிய அரசுக்கும் 1609ஆம் ஆண்டில் ஏற்பட்ட பன்னீராண்டுப் போரோய்வு இன்னும் முடியவில்லை. போர்த்துக்கலும் அந்நாளில் இசுப்பானிய அரசனின் கீழ் அடங்கியிருந்தது. அன்றியும் ஒல்லாந்தரின் கவனம் சாவகத்தில் ஊன்றியிருந்தது. நல்லூர் வீழ்ந்ததற்குச் சில நாட்களுக்கு முன்னர், 1619ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அவர் சயகர்த்தாவை வென்று பத்தாவியா நகருக்கு அடிகோலினர்.

எஞ்சியது தேனியர் கதவு. கண்டியரசனுக்குத் துணைபுரிவதாக 1618ஆம் ஆண்டிற் கோபன்கேகன் நகரில் உடன்படிக்கை எழுதிப் புறப்பட்ட தேனியக் கப்பற்படை, ஓவே கெட்டே என்பவன் தலைமையில் 1620ஆம் ஆண்டு மே மாதத்திலேயே திருகோணமலையை அடைந்தது. நல்லூர் வீழ்ந்து அப்போது ஏறத்தாழ ஓராண்டு கழிந்துவிட்டது. செனரதனும் அவ்வுடன்படிக்கையை ஏற்க மறுத்தான். தேனியர் மீண்டு சென்று, அவ்வாண்டு நவம்பரில் இரகுநாத நாயக்கனிடம் தரங்கம்பாடியைப் பெற்றனர்.

ஆகவே 1619ஆம் ஆண்டில் எல்லாக் கதவுகளும் அடைபட்டிருந்தன. தஞ்சாவூரிலிருந்து 1620, 1621ஆம் ஆண்டுகளில் வந்த படைகளும் நிலைபெறவில்லை. களத்தில் ஒருநாட் பகடை நல்லூர்க்கு இசைவாக வீழ்ந்திருந்தால், அடுத்த பருவக்காற்றோடு இன்னொரு படை வந்திருக்கும். ஒரு போரை மாற்றுவதால் இரண்டாண்டு கிடைக்கலாம், இராச்சியம் கிடையாது. வீரத்தின் குறைவால் நாடு வீழ்ந்தது என எண்ணுவோர்க்கும், ஒருவனின் வீரத்தால் அது நின்றிருக்கும் என எண்ணுவோர்க்கும் இதுவே விடை.

மூன்றாங் காலம்: 1560

இனி 1560ஆம் ஆண்டைக் காண்போர்க்குக் காட்சி வேறாகத் தோன்றும். கோவையின் அரசப் பிரதிநிதியாகிய கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா அவ்வாண்டிற் பெரும் கப்பற்படையுடன் தானே வந்து நல்லூரைக் கைப்பற்றினான். முதலாஞ் சங்கிலி கோப்பாய்க்குப் பின்வாங்கி, அதன்பின்னும் பிடிபடாது தப்பினான். சில வாரங்களுள் நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தலைநகரைக் கைப்பற்றிய படை அத்தலைநகருள்ளேயே நெருக்குண்டது. ஈற்றில் அது நல்லூரை விட்டு நீங்கிற்று. போர்க்களத்தில் தோற்ற அரசன் நாட்டில் வென்றான் எனல் பொருந்தும்.

அன்றைய கதவுகளும் திறந்தே இருந்தன. விசயநகரப் பேரரசு பிளவுபடாதிருந்தது. தலைக்கோட்டைப் போர் நிகழ்ந்தது 1565ஆம் ஆண்டிலேயே. தெற்கே சீதாவாக்கை மாயாதுன்னையும் அவன் மகன் இராசசிங்கனும் போர்த்துக்கேயரை ஓயாது நெருக்கிக்கொண்டிருந்தனர். ஆயின் மீண்டு சென்ற பிரகன்சா வெறுங்கையுடன் செல்லவில்லை. செல்லும் வழியில் மன்னார்த் தீவைக் கைக்கொண்டு அங்கே கோட்டை எழுப்பினான். தென்பாண்டிக் கடற்கரையிலிருந்த பரதவருட் சிலரையும் அங்கே குடியேற்றினான். நல்லூர் தப்பிய ஆண்டே மன்னார் போன ஆண்டு.

மன்னாரின் இழப்பு எத்தகையது என்பதை நில அமைப்புக் காட்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை; பெருநதியில்லை. எப்பக்கமும் கடல். கண்டி அரசுக்கு மலை அரணாயிற்று. அது 1815ஆம் ஆண்டுவரை நின்றது. யாழ்ப்பாண அரசுக்கு அரண் கடலே. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த இபுன் பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியின் முத்துச் செல்வத்தையும் கப்பல் வலிமையையும் வியந்து குறித்துள்ளான். அக்கடலின் திறவுகோல் மன்னார். முத்துக்குளிப்பும், பாக்குநீரிணைக்குத் தெற்கேயுள்ள கடல்வழியும், தெற்கிலிருந்து குடாநாட்டிற்குச் செல்லும் தரைவழியின் தலையும் அத்தீவின் பார்வைக்குட்பட்டவை. அங்கே கோட்டை எழுந்தபின் போர்த்துக்கேயர் கோவையிலிருந்து புதுப்படை கொணர வேண்டியதில்லை; அயல்வீட்டிலிருந்தே வரலாம். புவிராச பண்டாரம் மன்னாரை மீட்க முயன்று தோற்றான். அதன்பின் 1591ஆம் ஆண்டில் அந்திரே பூர்த்தாடோ த மென்டோன்சா நல்லூரைத் தாக்கி அவனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனைத் தம் சார்பில் அரசனாக்கினான். 1619ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இவ்வழியின் முடிவேயன்றித் தொடக்கமன்று.

எனவே வழி பிரிந்த இடம் 1560ஆம் ஆண்டின் மன்னார் என்பது பெறப்படும். போர்த்தொடரை வகுப்போன் அங்கே தன் முதல் மாற்றத்தைச் செய்தல் தகும். ஆயின் எதை மாற்றுவது?

மன்னாரின் மக்கள்

இங்கேதான் எண்களால் மட்டும் சரித்திரத்தை அளப்போன் இடர்ப்படுவான். கோட்டை எழுப்புவதற்குக் கல்லும் சுண்ணமும் போதும். கோட்டையைக் காப்பதற்குச் சுற்றியுள்ள மக்கள் வேண்டும். 1540ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் பிரான்சிசு சவேரியாரின் தொண்டால் மன்னாரிலே பலர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1544ஆம் ஆண்டில் முதலாஞ் சங்கிலி அங்கே படையுடன் சென்று அவர்களைக் கொல்வித்தான். மாண்டோர் தொகை 600 அளவினது என்பது வழங்கிவரும் செய்தி.

இச்செயலுக்கு அரசியற் காரணம் இருந்தது. கடலுக்கு அப்பால் தென்பாண்டிக் கரையிலே மதம் மாறிய பரதவர் போர்த்துக்கல் அரசனின் காவலுக்கு உட்பட்டமையைச் சங்கிலி அறிந்திருந்தான். மன்னாரிலும் சமய மாற்றம் குடிமாற்றமாக முடியும் என அவன் அஞ்சியதில் நியாயம் உண்டு. ஆயினும் அவன் கைக்கொண்ட வழி அவ்வச்சத்தையே உண்மையாக்கிற்று. எக்குடிகள் போர்த்துக்கேயரைச் சாராதிருத்தல் வேண்டும் என அவன் விரும்பினானோ, அக்குடிகட்குப் போர்த்துக்கேயரையன்றி வேறு புகலிடம் இல்லாமற் செய்தவனும் அவனே. 1560ஆம் ஆண்டில் நல்லூர்ப் பக்கத்து மக்கள் அரசனுக்காக எழுந்தனர். பிரகன்சாவின் படை அங்கே நிலைக்கவில்லை. மன்னாரிலே அவனது கோட்டை நிலைத்தது. இரண்டிடத்தும் வந்தது ஒரே படை. வேறுபட்டது மக்களின் நிலை.

ஆகவே போர்த்தொடரின் முதல் நிகழ்ச்சி போர்க்களத்தில் அன்று, நல்லூர் அரசவையில் வைக்கத்தக்கது. ஆண்டு 1544. நிபந்தனை, மன்னாரின் குடிகள் வேறு சமயம் புகுந்தனர் என்னும் செய்தி. அரசன் முன் மூன்று தெரிவுகள் வைக்கப்படலாம். படையனுப்பித் தண்டித்தல் ஒன்று. சமயத்தை விடுத்து வரியையும் படைக்கடமையையும் மட்டும் வற்புறுத்தி, அத்தீவில் அரசகாவலை வலுப்படுத்தல் இரண்டு. கோவையுடன் நேரே பேசிக் குடிகள் தன் ஆணைக்குட்பட்டவர் என எழுதிவாங்க முயலுதல் மூன்று.

இவற்றுள் எதுவும் செலவற்றதாக இருத்தல் கூடாது. முதல் தெரிவு சில ஆண்டு அமைதி தரும். பின்னர்க் கோவையின் பகையையும் மன்னாரின் வெறுப்பையும் தரும். இரண்டாவது அரசவையில் மனக்கசப்பைத் தரும், கருவூலத்தையும் குறைக்கும். மூன்றாவது கைகூடினும் கைகூடாதொழியினும் போர்த்துக்கேயரின் தலையீட்டுக்கு ஒரு வாயில் திறக்கும். மாற்று வரலாறு வகுப்போன் நல்வழி ஒன்றையும் தீவழி ஒன்றையும் வைத்து நீதிக்கதை எழுதுவானாயின், அவன் அக்காலத்து அரசனின் இடர்ப்பாட்டை உணர்ந்தவனாகான்.

தொடரின் போக்கு

இரண்டாவது தெரிவு வெற்றியாக முடிந்ததெனக் கொண்டாலும், பின்வரும் நூறாண்டு எளிதாகாது. 1565ஆம் ஆண்டில் விசயநகரம் சிதையும். அதனைத் தடுக்கும் ஆற்றல் யாழ்ப்பாணத்திற்கு இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டி அரசு உறவை நாடும். எதிர்மன்னசிங்கன் போர்த்துக்கேயரால் அரசனாக்கப்பட்டவனாயினும் கண்டிக்குச் செல்லும் ஆட்களையும் பொருளையும் தன் நாட்டின் வழியே மறைவாகச் செல்லவிட்டான் என்பது சரித்திரம். ஆதலின் தமிழரசும் சிங்கள அரசும் என்றும் பகையாயிருந்தன என்னும் அமைப்பு இத்தொடரில் இடம்பெறுதல் தகாது. அரசுகள் காலத்திற்கேற்ப உறவாடின, பகைத்தன, மீண்டும் உறவாடின.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தரும் தேனியரும் வருவர். மன்னாரைக் கையில் வைத்திருக்கும் யாழ்ப்பாணம் அவர்களிடம் விலைபேசும் நிலையில் இருக்கும். ஆயின் அவ்விலையின் இயல்பைக் கண்டியின் அனுபவம் உணர்த்தும். இரண்டாம் இராசசிங்கன் 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தருடன் உடன்படிக்கை செய்தான். அவர்கள் 1656ஆம் ஆண்டிற் கொழும்பையும், 1658ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையையும் கைப்பற்றிப் போர்த்துக்கேயரை இலங்கையினின்றும் அகற்றினர். அகற்றியபின் அவ்விடங்களைத் தாமே வைத்துக்கொண்டனர். எனவே தொடரின் ஈற்றில் ஆடுபவன் பெறத்தக்க மிகப்பெரிய வெற்றி, கண்டியைப் போல ஓரிரு நூற்றாண்டு நீடித்து நிற்றலே. பேரரசு நிறுவுதல் அன்று. இதனிற் கூடிய வெற்றியை வழங்குவோன் ஆடுபவனை மகிழ்விப்பான், அறிவுறுத்தான்.

அரசர் எல்லோரும் இலாபம் ஒன்றையே கருதுவர் என்னும் கணக்கும் பொருந்தாது. 1560ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தரின் தந்தம் எனக் கருதப்பட்ட ஒன்றைப் போர்த்துக்கேயர் கோவைக்குக் கொண்டுசென்றனர். பெகு நாட்டரசன் அதற்குப் பெரும்பொருள் தர முன்வந்தான். கோவையின் கருவூலமோ வறண்டிருந்தது. எனினும் குருமாரின் வற்புறுத்தலுக்கிணங்கி அது பொடியாக்கப்பட்டது. சமய உணர்ச்சி பொருளாசையை வென்ற இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு விளையாட்டின் கணக்கில் இடமிருத்தல் வேண்டும்.

மாகாணங்களின் வருவாயை எவ்வாறு குறிப்பது என்னும் வினாவும் எழும். போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்தெழுதிய நிலத் தோம்புகள் இதற்கு உதவும். யானை வாணிகம், முத்து, சங்கு, பனை, நெல் என்பன பொருள்வளத்தின் பகுதிகள். வன்னியின் திறைகளும் காடும் போர்க்காலத்தில் அரசனுக்குப் புகலிடமாகும்.

இரு சங்கிலியரும் ஒரு சங்கிலியும்

இத்துணை எச்சரிக்கை ஒரு விளையாட்டிற்கு ஏன் என வினவுவார்க்கு யாழ்ப்பாணச் சரித்திரமே விடை கூறும். 1736ஆம் ஆண்டளவில் ஒல்லாந்த அதிகாரியாகிய ஜான் மக்காறாவின் வேண்டுகோளின்படி மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றினார். இராச்சியம் வீழ்ந்து நூறாண்டிற்கு மேற்பட்ட காலம் அது. மன்னாரிலே குடிகளைக் கொன்ற முதலாஞ் சங்கிலியும், 1619ஆம் ஆண்டிற் தோற்ற சங்கிலி குமாரனும் அந்நூலில் ஒரே சங்கிலியாகக் கலந்து காணப்படுகின்றனர். இருவருக்குமிடையே கழிந்த அரைநூற்றாண்டும், அதனூடே மன்னாரின் இழப்பும் 1591ஆம் ஆண்டின் வீழ்ச்சியும் இக்கலப்பால் மறைந்துபோயின. ஒரு கொடுஞ்செயலும் அதற்குரிய தண்டனையும் என்னும் எளிய கதையே எஞ்சிற்று.

பதினேழாம் நூற்றாண்டிற் குவேறோஸ் பாதிரியார் போர்த்துக்கேய மொழியில் எழுதிய பெருநூல் 1930ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928ஆம் ஆண்டில் யாழ்ப்பாண வைபவ விமரிசனத்தை வெளியிட்டார். பின்னர் வந்த ஆராய்ச்சியாளரும் கல்வெட்டு, நாணயம், அயல்நாட்டார் குறிப்பு என்பவற்றை ஒப்புநோக்கினர். இவ்வாறு பல்லாண்டு உழைத்தே கலந்துபோன காலங்களைப் பிரித்தறிய முடிந்தது. குவேறோஸின் நூலும் வென்றோர் பக்கத்து நின்று எழுதப்பட்டதாகலின் அதனையும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

கையெழுத்துப் பிரதியாகச் சிலரிடையே வழங்கிய ஒரு நூலின் மயக்கத்தைத் தெளிவிக்க இத்துணைக் காலம் சென்றதாயின், உலகெங்கும் பல்லாயிரவர் ஆடும் விளையாட்டின் மயக்கத்தைத் தெளிவிப்பது எளிதாகுமா? நூலைக் கற்பவன் கேட்டறிகின்றான். விளையாட்டை ஆடுபவன் தானே செய்ததாக உணர்கின்றான். தான் செய்ததை மறத்தல் அரிது. ஆதலின் தொடரை வகுப்போன், நிகழ்ந்தது எது, தான் படைத்தது எது என்பதை ஒவ்வொரு நிகழ்ச்சியின் அடியிலும் வெளிப்படையாகக் குறித்தல் கடன். நிகழ்ந்த வழியிலேயே ஆடிச் செல்லவும் ஒரு தெரிவு எப்போதும் இருத்தல் வேண்டும். நிகழ்ந்தது இது எனத் தெளிய அறிந்தவனுக்கே நிகழாதது பொருள் தரும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், மாற்று வரலாறு வகுத்தல் நிகழ்ந்த வரலாற்றை மறுத்தலன்று, அதனை மேலும் ஆழ்ந்து கற்றலே என்பது பெறப்படும். மாற்றத்தைச் சிறிதாகச் செய்க. அக்காலத்தார் அறிந்த வழிகளையே வைக்க. ஒவ்வொரு வழிக்கும் விலை குறிக்க. முடிவை முன்னரே தீர்மானியாதொழிக. படைப்பையும் சான்றையும் பிரித்துக் காட்டுக. இவ்வைந்தும் இத்தொழிலின் நெறிகள்.

நல்லூரின் வீழ்ச்சியைப் பற்றிய ஏக்கம் பெரும்பாலும் வாளைப் பற்றியதாகவே இருந்துவந்துள்ளது. இன்னும் ஆயிரம் வீரர் இருந்திருந்தால், தஞ்சாவூர்ப் படை இன்னும் பெரிதாயிருந்திருந்தால் என்றே மனம் எண்ணும். தொடரை முறையாக வகுத்துப் பார்ப்பவனை அவ்வாராய்ச்சி 1619ஆம் ஆண்டிலிருந்து 1560ஆம் ஆண்டிற்கும், அங்கிருந்து 1544ஆம் ஆண்டிற்கும், போர்க்களத்திலிருந்து மன்னாரின் மீனவர் குடிசைகட்கும் இட்டுச் செல்லும். தன் எல்லையிலுள்ள சிறு தொகையினரைத் தன்னவர் என அணைத்துக்கொள்ளாத அரசு, அவ்வெல்லையையே இழந்தது. எல்லையை இழந்த அரசு நடுவையும் இழந்தது. கணினியின் திரையில் அவர்கள் ஒரு மாகாணத்தின் அமைதிக்குறைவைக் காட்டும் சிற்றெண்ணாகவே தோன்றுவர். அவ்வெண்ணின் பின்னே மக்கள் இருந்தனர் என்பதை ஆடுபவன் உணர்வானாயின், அவ்விளையாட்டு வீண்பொழுதாகாது.